இடது தோளுக்கு ஒரு துவக்கு

1. திறந்து காட்டுதல்

வேலைக்குப் போன முதல் நாள், முதலாளி எனக்கு விளக்குமாறு தருவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் சுவரிலிருந்து ஒரு துவக்கை, வேட்டைத் துப்பாக்கியை, எடுத்தார். நான் என்னையறியாமல் வாசல் பக்கம் பின்னுக்குப் போய்விட்டேன்.

"பயப்பிடாதேங்கோ, ஃப்ராவ் கந்தையா. கிட்ட வந்து இதுக்குள்ளை பாருங்கோ."

அதைத் திறந்து தோட்டா இருக்கும் அறையைக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் இருந்தது.

"இந்தக் கடையிலை ஒரு துவக்கு ஒரு கையிலையிருந்து மற்றக் கைக்குப் போகமுதல் இப்பிடித் திறந்து காட்டவேணும். நேற்றுக் காட்டினது இண்டைக்குச் செல்லாது. நான் காட்டாமல் தூசு துடைக்கத் தந்தால் வாங்காதேங்கோ. முதலாளி எண்டு பாக்காமல் ஏசுங்கோ."

ஏசுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊருக்குத் துவக்கோடு வந்தவர்கள் ஒருத்தரும் அதைத் திறந்து காட்டவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்குப் பெயர் பூமணி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஜெர்மனிக்குப் புருசனோடு வந்தேன், அவர் இங்கேயே காலமானார். மகன் கனடாவில். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்று அவருடைய பெயரைப் போட்டுவிட்டபடியால் எல்லாருக்கும் நான் ஃப்ராவ் கந்தையா, திருமதி கந்தையா. கூப்பிடுகிறவர்கள் செத்துப்போன மனிசனைத்தான் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தது நான்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருசம் கழிந்திருக்கும். சவர்லாண்ட் மலைப்பக்கம் ஒரு சின்னப் பட்டணம். துவக்கு விற்று, திருத்தி, தோளில் வைக்கிற மரக்கட்டையைச் செதுக்கிக் கொடுக்கிற கடை. எனக்குக் கிளீனிங். பேந்து, கொஞ்ச நாள் கழித்து, துணியும் எண்ணெயும் தந்து இரும்பு துடைக்கப் பழக்கினார். ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்குப் போகும்போது சனம், "அக்கா, எங்கை வேலை?" என்று கேட்கும். "ஒரு கடையிலை" என்பேன். அதுக்கு மேல் சொல்ல மாட்டேன்.

வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று தமிழ்ப் பள்ளிக்கூட ஆட்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். ஜெர்மன்காரர் சொன்னதையும் என்னுடைய பேச்சுத் தமிழிலேதான் எழுதமுடியும். வேறு மாதிரி எனக்கு ஏலாது.

2. லோமன் அம்மா

இலையுதிர்கால மழையில் ஒரு மனிசி கடைக்குள் வந்தா. என்னுடைய உயரம்தான், அறுபது தாண்டின ஆள். நீளத் துவக்கு ஒன்றை உறையோடு மேசையில் வைத்தா. வலது கையால் அல்ல, இடது கையால்.

"இது என்ரை மனிசன்ரை துவக்கு. வாங்குங்கோ. எனக்கு வேறை ஒண்டு தாங்கோ. சின்னதா, கட்டையா."

அவதான் ஃப்ராவ் லோமன். மலைச் சரிவில் மாடு வைத்திருந்தா. சடை தொங்குகிற கறுப்பு மாடுகள். பனியிலும் மழையிலும் வெளியேதான் நிற்குமாம், தொழுவம் கிடையாது. இறைச்சிக்கு ஒரு மாடு தேவைப்பட்டால் அவவின் மனிசன் புல்வெளிக்கே போய், அது மேய்ந்துகொண்டு நிற்கும்போது ஒரே வெடியில் முடித்துவிடுவாராம். லொறியில் ஏற்றுகிறதில்லை, கொல்களத்தில் வரிசையில் நிறுத்துகிறதில்லை. அதுக்கு மிருக வைத்திய அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி மனிசன் பேரில் இருந்தது. மனிசன் வசந்தத்தில் செத்துப்போனார்.

அவவிடமும் இளவயசிலேயே எடுத்த வேட்டை லைசென்ஸ் இருந்தது. ஆனால் டிராக்டரிலிருந்து விழுந்து வலது தோளில் ஒப்பரேசன் செய்த ஆள். கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது.

"அலுவலகத்திலை நாள் குறிச்சு டெர்மின் தந்திருக்கினம். பனி தொடங்கமுதல் வந்து பாப்பினம். அவைக்கு முன்னாலை நான் ஒரு மாட்டைச் சரியா விழுத்திக் காட்டவேணும். இல்லாட்டி முழு மந்தையும் லொறியிலை போகும். மனிசன்ரை தம்பி ஹைனர் இப்பவே லொறிக்காரனோடை கதைச்சுப்போட்டான். அந்தச் சரிவிலை கிறிஸ்மஸ் மரம் நடவேணுமாம் அவனுக்கு."

முதலாளி அவவின் கண்ணைப் பார்த்தார். பேந்து கேட்டார். "எந்தக் கண்ணாலை வடிவாப் பாப்பியள்?"

"இரண்டும் ஒரே மாதிரித்தான் மோசம்."

நான் நிலம் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தா.

3. மேசையில் மூன்று

அடுத்த முறை அவ வந்தபோது முதலாளி மூன்று துவக்கை எடுத்து வைத்திருந்தார். மூன்றும் லீவர் துவக்கு. கைபிடிக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது வெளியே பாய, புதிய தோட்டா உள்ளே போகும்.

ஏன் இந்த வகை என்று அவர் அவவுக்கு விளங்கப்படுத்தினதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. சாதாரண வேட்டைத் துவக்கில் இழுக்கிற பிடி வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைக்கிறவர் கையைக் குறுக்கே கொண்டுபோகவேண்டும். லீவர் நடுவில் கீழே இருப்பதால் இடக்கை, வலக்கை பேதமில்லை. நீளமும் குறைவு, நிறையும் குறைவு. வேலி கடக்க, டிராக்டரில் ஏற, பற்றைக்குள் புக, நீளக் குழல் இடறாது.

"ஒண்டு ஞாபகம் வையுங்கோ," என்றார். "இதிலை தோட்டாக்கள் குழாய்க்குள்ளை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் படுத்திருக்கும். மூக்குத் தட்டையா இருக்கிறதைத்தான் போடவேணும். கூர்மூக்குப் போட்டால் முன்னாலை படுத்திருக்கிறதின்ரை அடியிலை குத்தும், குழாய்க்குள்ளையே வெடிக்கும்."

மூன்றிலும் வலு வேறு வேறு. முதலாவது மெல்லியது, உதையே தெரியாது. ஆனால் வேட்டைச் சட்டப்படி நூறு மீட்டரில் சின்ன மானுக்கே அதன் வலு காணாது. இரண்டாவது முப்பது-முப்பது என்கிறது, தோட்டாவின் அளவை வைத்து வந்த பேர். நல்ல துவக்கு, ஆனால் தோட்டா நீளம் என்றபடியால் லீவரைக் கூடத் தூரம் தள்ளவேண்டும், துவக்கும் கொஞ்சம் பாரம். மூன்றாவது நாற்பத்திநாலு. தோட்டா குட்டை, லீவர் ஓட்டம் குறைவு. மாட்டுக்குப் போதும், சின்ன மானுக்கும் சட்டப்படி சரி.

"பண்டிக்கு?" என்று அவ கேட்டா. "சோளத்துக்குள்ளை பண்டி வருது."

"காட்டுப்பண்டிக்குச் சட்டம் விடாது. பண்டியும் வேணுமெண்டால் பெரிய வலு எடுக்கவேணும். பெரிய வலு எடுத்தால் உதைக்குப் பயந்து கண்ணை மூடுவியள். கண்ணை மூடினால் மாடு ஒரே வெடியிலை விழாது. எதை விடப்போறியள்?"

அவ நாற்பத்திநாலைத் தடவிப் பார்த்தா.

"பண்டியை விடுறன். அதை ஹைனர் சுடட்டும். அவனுக்கும் ஒரு சந்தோசம் வேணும்தானே."

4. நான் மாட்டேன் என்றது

துவக்கைத் தெரிவுசெய்தாகிவிட்டது. ஆனால் மரக்கட்டை அவவுக்கு நீளம். முதலாளி அளவு பார்க்கிற விதம் இதுதான்: கண்ணை மூடித் துவக்கைத் தோளுக்குக் கொண்டுபோகவேண்டும். பேந்து கண்ணைத் திறக்கவேண்டும். குறி தானாகவே கண்ணுக்கு நேரே நின்றால் கட்டை சரி. நிற்காவிட்டால் கட்டையை வெட்டவேண்டும், செதுக்கவேண்டும், திரும்பவும் பார்க்கவேண்டும். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அவவோ மாடுகளை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் வர ஏலாது.

முதலாளி அவவைப் பார்த்தார், பேந்து என்னைப் பார்த்தார். "இரண்டு பேரையும் ஒரே அச்சிலை வாத்த மாதிரி இருக்கு. ஃப்ராவ் லோமன், உங்கடை குளிர்ச்சட்டையை விட்டிட்டுப் போங்கோ. ஃப்ராவ் கந்தையா அதைப் போட்டுக்கொண்டு அளவுக்கு நிப்பா. கடைசியிலை ஒருக்கா மட்டும் நீங்கள் வந்தால் காணும்."

"ஏலாது" என்றேன். தமிழில்தான் வந்தது. பேந்து ஜெர்மனிலும் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

ஊரில் ஒருநாள் விடிய வீட்டுக்கு வந்தவர்கள் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். இஞ்சாலை போ, அங்காலை போ என்று வாயால் சொல்லவில்லை. துவக்கு நுனியால் தோளில் முட்டி முட்டித்தான் காட்டினார்கள். அதுக்குப் பிறகு தோளில் எது முட்டினாலும் எனக்கு உடம்பு இறுகிவிடும். பஸ்ஸில் பக்கத்து ஆளின் குடைப்பிடி பட்டாலும்தான். இதை எந்த ஜெர்மன் சொல்லில் சொல்கிறது? தமிழிலேயே நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

முதலாளி தன் வேலையைப் பார்த்தார். அந்தத் துவக்கு அப்படியே மேசைக்குப் பின்னால் நின்றது. டெர்மின் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை

லோமன் அம்மா அன்றைக்கு விட்டுவிட்டுப் போன சட்டையைத் திரும்ப எடுக்க வந்தா. கோபமாகக் கதைப்பா என்று நினைத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வியள்?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை. சமைப்பன். யன்னலாலை பாப்பன்."

"நானும் அதுதான். என்ரை யன்னலிலை மாடு தெரியும். வந்து பாருங்கோவன்."

போனேன். பஸ் நிற்கிற இடத்தில் காரோடு நின்றா. சரிவில் மாடுகள் நின்றன. அவ ஒரு வாளி நிறைய வெட்டின கிழங்கு தந்தா. எனக்குத் தெரிந்த மாதிரி "வா... வா... வா..." என்று கூப்பிட்டேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பேந்து ஒரு நாம்பன், இளங்காளை, தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. அதுக்குப் பின்னால் மற்றதுகளும் வந்தன. மூக்குச் சூடு கையில் பட்டது. கனகாலத்துக்குப் பிறகு என் கையில் பட்ட ஒரு உயிரின் சூடு அது.

நான் சைவம். மாட்டிறைச்சி வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. இதுகளை ஒருநாள் சுடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைக்குப் போகிற வழியில் லொறிகளையும் பார்த்திருக்கிறேன். கம்பிக்கு வெளியே நீட்டின மூக்குகளைப் பார்த்திருக்கிறேன். இதில் நியாயம் சொல்ல எனக்குப் படிப்பில்லை. புல்லில் நிற்கிறது நல்லது என்று மட்டும் பட்டது.

ஹைனர் வேலிக்கு அங்காலே வந்து நின்றார். நீளக்கால் மனிசன், நக்கல் கண்.

"ஹில்ட, உனக்குக் கௌபோய் துவக்காமே? தொப்பியும் வாங்கினனியோ? இவ ஆர், செவ்விந்தியத் தலைவியோ?"

"ஓம்," என்றா லோமன் அம்மா. "வேலிக்கு உங்காலை நில்லு. இவ அம்பு விடுவா."

அவர் சிரித்தார். போகும்போது சொன்னார், இந்த முறை சிரிக்காமல்: "விளையாட்டில்லை ஹில்ட. அரைகுறையா வெடி பட்டு ஒரு மாடு கத்திக்கொண்டு ஓடினால், அதை நீ சாகும்வரைக்கும் மறக்கமாட்டாய். லொறியை வரச்சொல்லு."

அவ வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தா. அவர் சொன்னது சரி என்று அவவுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் கோப்பி வைத்தா. இரண்டு கோப்பையிலும் ஊற்றிவிட்டு, கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினா. "இனி நீங்கள், ஃப்ராவ் எண்டெல்லாம் வேண்டாம். நான் ஹில்ட. உனக்கு என்ன பேர்? கந்தையா மனிசன்ரை பேரெண்டு முதலாளி சொன்னவர்."

"பூமணி."

"பூ-மணி," என்றா. பேந்தும் ஒருக்காச் சொல்லிப் பார்த்தா.

அந்தப் பெயரை ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லி எத்தனை வருசம். கோப்பியைக் குடிக்கிற மாதிரிக் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பேந்து கேட்டேன்: "அந்தச் சட்டை எங்கை, ஹில்ட?"

6. அளவு

திங்கட்கிழமை சட்டையோடு கடைக்குப் போனேன். முதலாளி நாற்பத்திநாலை எடுத்தார். லீவரைத் தள்ளினார். அறையைக் காட்டினார். குழாயையும் காட்டினார். வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபடியும் காட்டினார்.

"வெறுமை. கண்டனீங்களோ?"

"கண்டன்."

"அப்ப வாங்குங்கோ. உங்களுக்கு வேணுமெண்டபோது. அவசரமில்லை."

அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் வாங்கினேன். கண்ணை மூடினேன். மரம் இடது தோளில் வந்து பட்டது. உடம்பு இறுகினது. ஆனால் இந்த முறை அதைப் பிடித்திருந்தது நான், பின்முனைதான் என் பக்கம். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

"கண்ணைத் திறவுங்கோ. என்ன தெரியுது?"

"சுவரிலை இருக்கிற மான்கொம்பு. ஆனா குறி தெரியேல்லை, இரும்புதான் தெரியுது."

"நீளம். வெட்டுவம்."

அந்தக் கிழமை முழுக்க அப்படியே போனது. வெட்டுவார், செதுக்குவார், திறந்து காட்டுவார், தருவார். ஹில்டவின் குளிர் கையுறையைப் போட்டுப் பார்த்தபோது விரல்கள் லீவர் வளையத்துக்குள் போகவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு பெரிய வளையம் ஒன்றை மாற்றினார். துவக்கின் பின்பக்கம் தோட்டாவைத் தட்டுகிற சுத்தியல் இருக்கும், சுடாதபோது அதைப் பெருவிரலால் மெல்ல இறக்கவேண்டும். எங்களுக்குப் பெருவிரல் வழுக்கும் வயசு. அதுக்கு ஒரு சின்ன நீட்டுப் பிடி போட்டார். கண் மங்கல் என்று சிவப்புப் புள்ளி தெரிகிற கண்ணாடி ஒன்றை மேலே பூட்டினார்.

கடைசி நாள் ஹில்ட வந்தா. கண்ணை மூடித் தூக்கினா. திறந்தா.

"கொம்பின்ரை நடுவிலை நிக்குது" என்றா. பேந்து மெதுவாக, "என்ரை மனிசன்ரை துவக்கு ஒருநாளும் எனக்கு இப்பிடி நிண்டதில்லை" என்றா.

பிறகு சுட்டுப் பழகுகிற இடத்துக்கு முதலாளியோடு போய்ப் போய்ப் பழகினா.

7. டெர்மின்

டெர்மின் அன்று புல்லில் வெள்ளை உறைபனி. அலுவலகத்திலிருந்து ஒரு மிருக வைத்தியர் அம்மா வந்திருந்தா. முதலாளி நின்றார். ஹைனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹில்ட கேட்டபடியால் நானும் நின்றேன், எல்லாருக்கும் பின்னால்.

விழுத்தவேண்டியது முதல் ஞாயிறு என்னிடம் வந்த அந்த நாம்பன்.

ஹில்ட புல்வெளி வேலியின் இரும்புக் கேற்றடிக்குப் போனா. மனிசன் எப்போதும் அந்தக் கேற்றில் துவக்கைச் சாத்தி வைத்துத்தான் சுடுவாராம். அவவும் அப்படியே சாத்தினா. தோட்டா ஏற்ற லீவரைக் கீழே தள்ளினா. லீவர் போய்க் கேற்றுக் குழாயில் அடித்தது. டங்.

மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. பேந்து திரும்பி, சரிவுக்கு மேலே நடக்கத் தொடங்கின.

கட்டையை அளந்தோம், கையுறையை அளந்தோம். கேற்றை ஒருத்தரும் நினைக்கவில்லை. லீவர் துவக்குக்குக் கீழே இடம் வேண்டும். முதலாளியின் முகம் சிவந்துபோனது.

"நான் சொன்னனான்" என்றார் ஹைனர், மெதுவாகத்தான்.

வைத்தியர் அம்மா, "இன்னொரு நாளைக்கு விடுவமோ?" என்று கேட்டா. இன்னொரு நாள் என்றால் பனி வந்துவிடும், அனுமதி இல்லாமல் லொறிதான் வரும். எல்லாருக்கும் அது தெரியும்.

ஹில்ட கேற்றிலிருந்து துவக்கை எடுத்தா. ஏற்றினதையெல்லாம் வெளியே எடுத்தா. லீவரைத் திறந்து வைத்தியர் அம்மாவுக்குக் காட்டினா. பேந்து திரும்பி எனக்கும் காட்டினா. பின்னால் நின்ற எனக்கு.

"வெறுமை" என்றேன். தமிழில், பலமாக. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவவுக்கு விளங்கினது.

"பூமணி, வாளியை எடு. நீ கூப்பிட்டால் வருங்கள்."

கேற்றைத் திறந்து இரண்டு பேரும் உள்ளே போனோம். சரிவின் மண் திட்டுக்கு முன்னால் கிழங்கைக் கொட்டினேன். ஹில்டவுக்குப் பின்னால் வந்து நின்றேன். நான் கூப்பிட்டால் அது வரும். வந்தால் சாகும். கூப்பிடாவிட்டால் எல்லாம் லொறியில் போகும்.

"வா... வா... வா..."

நாம்பன்தான் முதலில் வந்தது. கிழங்கைக் கடித்தது. மற்றதுகளும் வந்தன. ஹில்ட ஒன்றிலும் சாயாமல் நின்று, தோட்டாவைத் திரும்பப் போட்டு, லீவரை மெல்லத் தள்ளி மெல்ல இழுத்தா. இடது தோளில் வைத்தா. காத்திருந்தா. பக்கத்தில் நின்ற பசு விலகும்வரை காத்திருந்தா. நாம்பன் மென்றுகொண்டு தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது.

ஒரு வெடி. அது நின்ற இடத்திலேயே மடிந்தது. வாயில் கிழங்கு அப்படியே இருந்தது. மற்ற மாடுகள் ஒரு அடி விலகின, பேந்து குனிந்து தின்றன.

வைத்தியர் அம்மா போய்ப் பார்த்துவிட்டுத் தலையாட்டினா. ஹைனர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பேந்து வந்து, நாம்பனைத் தூக்குகிற சங்கிலியைத் தானே பூட்டினார். ஹில்ட லீவரைத் திறந்து எனக்குக் காட்டினா.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தோய்ந்து குளித்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றேன். சாமியிடம் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

8. திரும்பி வந்த துவக்கு

லொறி வரவில்லை. அதுக்குப் பிறகு பல ஞாயிறுகள் நான் அந்தச் சரிவுக்குப் போனேன். ஒவ்வொரு பனிக்காலமும் ஹில்ட கூப்பிடச் சொல்லுவா, நான் கூப்பிடுவேன். கோவிலில் ஒருநாள் ஒரு தங்கச்சி வேலை எங்கே என்று கேட்டபோது, "துவக்குக் கடையிலை" என்று சொன்னேன். அவ ஒரு மாதிரிப் பார்த்தா. பார்க்கட்டும்.

ஹில்டவுக்கு மற்றத் தோளும் ஏலாமல் போனபோது, பக்கத்து ஊர் இளம் தம்பதி மந்தையை அப்படியே அந்தச் சரிவிலேயே பொறுப்பெடுத்தார்கள். கிறிஸ்மஸ் மரம் இன்றுவரை அங்கே இல்லை. அடுத்த பனிக்கு ஹில்ட உயிரோடு இல்லை. தூர ஊரில் இருந்த அவவின் மகள் துவக்கைக் கடைக்குக் கொண்டுவந்து தந்தா.

நல்ல துவக்கு என்று வந்தவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் மரக்கட்டை குட்டை. அது சுவரிலேயே நின்றது. நான் தூசு துடைத்தேன். கடையில் நான் திரும்பவும் ஃப்ராவ் கந்தையாதான்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். ஒருத்தருக்கு ஒரு சாமான் தெரிவுசெய்யும்போது, எது பலம், எது வடிவு என்று தொடங்காதேங்கோ. ஆர் தூக்கப் போகினம், எந்தத் தோளில், எந்தச் சட்டையோடு, எதில் சாய்ந்துகொண்டு என்று கேளுங்கோ. எதை விடமுடியும் என்றும் கேளுங்கோ. கேற்றை மறவாதேங்கோ. கையில் கொடுக்கமுதல் திறந்து காட்டுங்கோ.

நான் வேலையை விட்ட கடைசி நாள், முதலாளி அந்த நாற்பத்திநாலைச் சுவரிலிருந்து எடுத்தார். லீவரைத் தள்ளித் திறந்து காட்டினார். "வெறுமை" என்றார், தமிழில். ஹில்டதான் பழக்கியிருக்கவேண்டும். என் கையில் தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

கண்ணை மூடித் தோளில் வைத்தேன். திறந்தேன். சிவப்புப் புள்ளி கொம்பின் நடுவில் அசையாமல் நின்றது. எனக்கென்றே வெட்டின மாதிரி இருந்தது.